பல் டாக்டர் செய்த நகம்

பிளாஸ்டிக் நகம் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று கேட்டால், யாரோ ஒரு ஹாலிவுட் நடிகை என்றோ பியூட்டி பார்லர்காரர் என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டுமே தப்பு. அந்த நகத்தை உண்டாக்கியவர்கள் பல் டாக்டர்கள்! அதுவும் ஒருவர் இல்லை. மூன்று பல் டாக்டர்கள், போதாக்குறைக்குப் பல் பிசின் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி. பல்லுக்கும் நகத்துக்கும் அப்படி என்ன உறவு என்பதுதான் இந்தக் கதை. கொஞ்சம் வேடிக்கையான கதை, போகப்போக வேடிக்கை குறைகிற கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செயற்கை நகத்தின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் சீனாவில் இருந்து ஆரம்பிப்பார்கள். சிங் வம்சத்தின் பேரரசித் தாய் சிஷியின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1903, 1904ம் ஆண்டுகளில் எடுத்தவை. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ஊசி போல நீண்ட உறைகள் மாட்டியிருப்பார். ஆனால் அவை பொய் நகம் இல்லை. உள்ளே இருக்கும் நிஜ நகம் உடையாமல் காக்கிற கவசம். பொன், வெள்ளி, ஆமை ஓடு என்று பல பொருள்களில் செய்தார்கள். இந்தக் கைக்கு வேலை செய்யவேண்டிய அவசியமே இல்லை என்று ஊருக்குச் சொல்வதுதான் அந்த உறையின் வேலை.

இன்றைய ஒட்டு நகம் இதற்கு நேர் எதிரான இடத்தில் பிறந்தது. 1934ல் சிகாகோவில் மேக்ஸ்வெல் லாப் என்ற பல் டாக்டர் 'நு நெயில்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். யாருக்காகத் தெரியுமா? நகம் கடிப்பவர்களுக்காக. கடித்துக் கடித்துச் சதை தெரிகிற விரலைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கவேண்டும், கடிக்கிற பழக்கமும் நிற்கவேண்டும். பல் டாக்டர் எதற்காக நகத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று கேட்டால், நகம் கடிப்பதில் பாதி வேலை பல்லுடையதுதானே :-)

இந்தக் காலம் முக்கியமானது. பல் வைத்தியத்திலேயே அப்போது ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பல் செட்டின் ஈறு பாகத்தைக் கெட்டிப்படுத்திய ரப்பரில் செய்வார்கள். பார்க்க அழகாக இருக்காது. 1930களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது. பிளெக்சிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குப் போன அதே பொருள், அந்தப் பத்தாண்டின் கடைசியில் பல் செட்டுக்கும் வந்து சேர்ந்தது. வேண்டிய நிறம் கொடுக்கலாம், வேண்டிய வடிவம் கொடுக்கலாம். பிறகு அடுப்பில் வேகவைக்காமல், சாதாரண அறைச் சூட்டிலேயே தானாக இறுகும் வகையும் வந்தது. ஒரு கிண்ணத்தில் பொடி, இன்னொன்றில் திரவம். இரண்டையும் கலந்தால் சில நிமிடங்களில் கல் மாதிரி ஆகிவிடும்.

அதன் ரகசியம் இதுதான். திரவத்தில் இருப்பது மோனோமர் என்கிற சின்னச் சின்ன மூலக்கூறுகள். பொடியில் இருப்பது ஏற்கனவே இறுகிய அக்ரிலிக் மணிகளும், வேலையை ஆரம்பித்து வைக்கும் பென்சாயில் பெராக்சைடும். கலந்தவுடன் சின்ன மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நீண்ட சங்கிலி ஆகின்றன. முழுவதும் கைகோத்துக்கொண்டால் கிடைப்பது சாதுவான பிளாஸ்டிக். கைகோக்காமல் கொஞ்சம் மிச்சம் நின்றால்? அதைப் பிறகு பார்ப்போம். இந்த மிச்சம்தான் கதையின் வில்லன்.

1950களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரெட் ஸ்லாக் என்ற பல் டாக்டருக்கு வேலை செய்யும்போது கட்டைவிரல் நகம் உடைந்துபோனது. பல் டாக்டருக்கு விரல்தான் ஆயுதம். வளரும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மேஜையில் பல் அக்ரிலிக் இருந்தது, அலுமினியத் தாளும் இருந்தது. தாளை நகத்தின் அடியில் செருகி ஒரு சின்ன மேடை மாதிரி நீட்டினார். அதன் மேல் அக்ரிலிக் குழம்பைத் தடவி இறுகவிட்டார். தாளை உருவினார். புது நகம் தயார். வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போடும்போது பலகை அடித்து, கலவை கொட்டி, இறுகியபின் பலகையைப் பிரிக்கிறார்களே, அச்சு அசலாக அதே வேலை. சகோதரர் தாமஸோடு சேர்ந்து இந்த மேடை முறைக்குக் காப்புரிமை வாங்கி, தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கும் நகக் கலைஞர்கள் விரல் நுனியில் ஒட்டுகிற காகித அச்சு அந்த அலுமினியத் தாளின் பேரன்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பல் செட் செய்பவர்களின் கை விரல்களில் இந்த அக்ரிலிக் திரவத்தால் தோல் வெடித்து அரிப்பெடுப்பது அப்போதே டாக்டர்களுக்குத் தெரியும். அமெரிக்கத் தோல் டாக்டர் அலெக்சாண்டர் ஃபிஷர் 1954ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1956, 1957ம் ஆண்டுகளிலேயே அக்ரிலிக் நகம் வைத்தவர்களுக்கு வந்த அலர்ஜி பற்றியும் மருத்துவப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்துவிட்டன. அதாவது பொருள் சந்தைக்கு வந்த சூட்டிலேயே எச்சரிக்கையும் வந்துவிட்டது. ஆனால் தோல் டாக்டர்களின் பத்திரிகையை நகம் வாங்குகிற பெண்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்?

1970களின் ஆரம்பத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் குவிந்தன. நகம் கோணலாக வளர்கிறது, விரல் வெந்துபோகிறது என்று. காரணம் மெதில் மெத்தக்ரிலேட், சுருக்கமாக எம்.எம்.ஏ. பல் செட்டில் பயன்படுத்திய அதே திரவம். வாயில் வைக்கும் பல் செட் வெளியிலேயே இறுகி, கழுவி, மெருகேற்றிய பிறகுதான் உள்ளே போகிறது. நகத்திலோ பச்சைத் திரவமாக நேரடியாகத் தடவுகிறார்கள். இந்த வித்தியாசத்தை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1974ல் அரசு கோர்ட்டுக்குப் போனது. நூறு சதவீதம் எம்.எம்.ஏ. விற்ற ஒரு நிறுவனத்துக்குத் தடை உத்தரவு, சில இடங்களில் சரக்குப் பறிமுதல், மற்றவர்கள் தாங்களாகவே சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் நகப் பொருள்களில் எம்.எம்.ஏ. கூடவே கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு விதி அப்போது எழுதப்படவில்லை. பல மாநிலங்கள் பிறகு தனித்தனியாகத் தடை செய்தன. நல்ல நிறுவனங்கள் எதில் மெத்தக்ரிலேட்டுக்கு மாறின. மலிவு விலைக்காரர்கள் பழையதையே திருட்டுத்தனமாகத் தொடர்ந்தார்கள்.

எம்.எம்.ஏ. நகத்தின் இன்னொரு குணம் அதன் முரட்டுத்தனம். கதவிடுக்கில் மாட்டினால் சாதாரண அக்ரிலிக் நகம் உடைந்துபோகும். எம்.எம்.ஏ. நகம் உடையாது, அடியில் இருக்கிற சொந்த நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் கரையாது. உறுதி என்று விளம்பரம் செய்த அதே குணம்தான் ஆபத்தும்.

1979ல் மூன்றாவது பல் டாக்டர் வருகிறார். கலிஃபோர்னியாவில் ஸ்டுவர்ட் நோர்ட்ஸ்ட்ராம். அவரிடம் பல் பார்க்க வந்த ஒரு பெண்மணி, டாக்டர் கலக்குகிற பிசின் நாற்றத்தை முகர்ந்துவிட்டு, இது தன் நகத்துக்குப் போடுகிற மருந்தின் வாசனை மாதிரியே இருக்கிறதே என்றாராம். மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் இருந்து நோர்ட்ஸ்ட்ராம் நகத்துக்கென்றே ஒரு திரவம் தயாரித்தார். பிறகு சி.என்.டி. என்ற பெயரில் உலகம் முழுவதும் தெரியவந்த நிறுவனம் அதில் இருந்து வளர்ந்தது.

இதெல்லாம் பார்லர் கதை. வீட்டுக்கு எப்படி வந்தது? அதே கலிஃபோர்னியாவில் லீ ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனம் பல் மருத்துவப் பிசின்கள் செய்துகொண்டிருந்தது. (ஆரம்பத்தில் சொன்ன கம்பெனி இதுதான்.) அவர்களுடைய 'லீ பிரஸ்-ஆன் நெயில்ஸ்' 1980களில் அமெரிக்க டி.வி. விளம்பரங்களில் ஓயாமல் வந்தது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நகங்கள், பின்னால் பசைத் துண்டு. தடவவேண்டாம், கலக்கவேண்டாம், நாற்றம் இல்லை. பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் பத்து விரலையும் முடித்துவிடலாம். விருந்து முடிவதற்குள் ஒன்றிரண்டு கழன்று விழும் என்பது வேறு விஷயம்!

வீட்டில் ஒட்டுவதில் ஒரு சின்னக் கலை இருக்கிறது. வாங்கும்போது எல்லோரும் நீளத்தையும் நிறத்தையும் பார்ப்பார்கள். பார்க்கவேண்டியது அகலம். பெட்டியில் உள்ள நகங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். கட்டைவிரலுக்குப் பெரியது, சுண்டு விரலுக்குச் சிறியது. ஒட்டு நகம் சொந்த நகத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை சரியாக உட்காரவேண்டும். சிறியதை இழுத்து ஒட்டினால் இரண்டு பக்கமும் நகம் தெரியும், அழுத்தம் முழுக்க நடுவில் விழுந்து சீக்கிரம் பெயரும். பெரியதைப் பக்கத்துச் சதை மேல் ஏற்றி ஒட்டினால் தண்ணீர் புகுந்துவிடும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொள்வதே சரி. வளைவும் பொருந்தவேண்டும். தட்டையான நகத்தின் மேல் கூன் விழுந்த ஒட்டு நகத்தை அமுக்கினால் அப்போதைக்கு ஒட்டும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் மாதிரி எழும்பப் பார்க்கும்.

ஒட்டுவதற்கு முன் நகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவேண்டும். சோற்றுக் கையும் தலைக்கு எண்ணெய் வைத்த கையும் இந்த விளையாட்டுக்கு ஆகாது. நகத்தடியில் தோல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒட்டு நகத்தைச் சாய்வாக வைத்து, அங்கிருந்து நுனியை நோக்கிப் படியவிட்டு அமுக்கினால் காற்றுக் குமிழ் வெளியேறிவிடும். நேராக மேலே இருந்து வைத்தால் குமிழ் உள்ளேயே சிறைப்படும். கழற்றும்போது வெந்நீரிலோ அசிட்டோனிலோ ஊறவிட்டுத்தான் கழற்றவேண்டும். வெடுக்கென்று பிய்த்தால் சொந்த நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வரும். நகம் காகிதம் மாதிரி மெலிந்துபோவதற்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கைவிடப் பிய்க்கிற அவசரமே காரணம்.

பசைத் துண்டு போதாதவர்களுக்குச் சின்னக் குப்பியில் பசை உண்டு. அதன் பூர்வீகம் பல் இல்லை, யுத்தம். 1942ல் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியின் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிவில்லைக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது சயனோஅக்ரிலேட் கையில் சிக்கியது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் எரிச்சலோடு ஒதுக்கிவிட்டார். 1951ல்தான் அந்த எரிச்சலிலேயே வியாபாரம் இருப்பது புரிந்தது. 1958ல் கடைக்கு வந்தது. நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற ஃபெவிக்விக்கும் இதே குடும்பம்தான். காற்றிலும் தோலிலும் உள்ள ஈரம் பட்டதும் இறுகிவிடும். பருத்தித் துணியில் கொட்டினால் இன்னும் வேகமாக இறுகி, தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடேறும். மடியில் வைத்துக்கொண்டு நகம் ஒட்டுபவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம்.

வீட்டுக்கு நகம் வந்தபோது வீட்டில் குழந்தைகளும் இருந்தார்கள். வேடிக்கை இங்கே நின்றுவிடுகிறது.

ஒட்டிய நகத்தைக் கழற்ற விற்ற சில திரவங்களில் அசிட்டோனைட்ரைல் இருந்தது. பெயரில் அசிட்டோன் மாதிரியே ஒலிக்கும். உடம்புக்குள் போனால் மெதுவாக சயனைடாக மாறும். 1988ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இரண்டு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இருவரும் இப்படிப்பட்ட திரவத்தைக் குடித்தவர்கள். 16 மாதக் குழந்தை ஒன்று இறந்துபோனது. குடித்தது வழக்கமான நெயில் பாலிஷ் ரிமூவர்தான், அதாவது அசிட்டோன்தான் என்று தவறாக எண்ணியதால் சிகிச்சை தரப்படவில்லை. சயனைடு உண்டாகச் சில மணி நேரம் ஆகும் என்பதால் குழந்தை முதலில் நன்றாகவே இருப்பது போலத் தெரியும். 2 வயதுக் குழந்தை கடும் விஷத்தில் இருந்து பிழைத்தது. 1990ல் இந்த வகைத் திரவங்களுக்குக் குழந்தைகள் திறக்கமுடியாத மூடி கட்டாயம் என்று அமெரிக்காவில் விதி வந்தது. பத்து வருடம் கழித்து, 2000 ஜூன் முதல், அக்ரிலிக் பிடிப்பதற்காக முதலில் தடவுகிற மெத்தக்ரிலிக் அமிலத்துக்கும் அதே விதி. அதைக் கொட்டிக்கொண்டும் குடித்தும் குழந்தைகளுக்குத் தீக்காயம் போன்ற புண்கள் வந்த பிறகுதான் அதுவும் நடந்தது. ஒவ்வொரு மூடிக்கும் பின்னால் ஒரு வீட்டின் துக்கம் இருக்கிறது.

இன்னொரு சம்பவம் ஆஸ்பத்திரியில். ஒட்டு நகத்துக்கும் சொந்த நகத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் ஈரம் தங்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது சொர்க்கம். நகம் பச்சையாவது இதனால்தான். 1997, 98ல் ஓக்லஹோமாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கிருமி பரவி, தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 16 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள், நீண்ட நகம் வளர்த்த ஒரு நர்ஸுக்கும் நீண்ட செயற்கை நகம் வைத்த இன்னொரு நர்ஸுக்கும் தொற்றோடு தொடர்பு இருக்கலாம் என்று கண்டார்கள். அவர்கள் தெரிந்து செய்த தப்பு இல்லை. 2002ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தீவிர சிகிச்சை நோயாளிகளைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் அணியக்கூடாது என்று பரிந்துரை செய்தது.

இத்தனைக்கும் நகத்தின் மேல் ஆசை குறைந்ததா? இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 200 மீட்டரை 21.34 வினாடியில் ஓடியபோது உலகம் அவர் காலைப் பார்த்த அளவுக்கு நீண்ட வண்ண நகங்களையும் பார்த்தது. 1975ல் கலிஃபோர்னியா அகதி முகாமில் இருந்த வியட்நாம் பெண்களுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் தன் நகக் கலைஞரை வரவழைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். முதல் குழுவில் 20 பேர். அங்கிருந்து கிளைத்த வியட்நாமியரின் கடைகள் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவி விலையை இறக்கின. அதுவே தனியாக எழுதவேண்டிய கதை.

கடைசியாக ஜெல். விளக்கின் புற ஊதா ஒளியில் இறுகும் பிசின். 1980களில் வந்து சுமாராக ஓடி, 2010க்குப் பிறகு ஜெல் பாலிஷ் என்ற பெயரில் வெடித்துக் கிளம்பியது. இணையத்தில் விளக்கோடு சேர்த்து மலிவாக வாங்கலாம் என்றானது. 2020ல் கொரோனா ஊரடங்கில் பார்லர்கள் மூடியபோது பலரும் வீட்டிலேயே ஆரம்பித்தார்கள். இங்கேதான் பழைய வில்லன் திரும்ப வருகிறான். ஒரு கம்பெனியின் ஜெல்லுக்கு இன்னொரு கம்பெனியின் விளக்கு பொருந்தாது. மேலே பளபளவென்று இறுகியிருக்கும், அடியில் கைகோக்காத மோனோமர் மிச்சம் இருக்கும். பழகாத கை ஓரத்துத் தோலிலும் வழியவிடும். திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு ஒரு நாள் அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். குறித்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. ஃபிஷர் 1989ல் எழுதிய கட்டுரையில், அக்ரிலிக் அலர்ஜியால் நகம் இழந்த ஒருவரை 16 வருடம் தொடர்ந்து கவனித்ததைப் பதிவு செய்திருக்கிறார். நகம் திரும்ப வளரவே இல்லை.

2018ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் எச்சரித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தோல் அலர்ஜி சோதனைக்கு வந்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு மெத்தக்ரிலேட் வகையில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. முக்கியக் குற்றவாளிகளில் ஒன்று ஹெமா என்கிற மோனோமர். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் நகப் பொருள்களில் ஹெமாவைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் ஜெல்லை இறுகவைக்க உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று அழகுசாதனங்களில் இருந்தே நீக்கிவிட்டது.

ஹெமா வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? பல்லை அடைக்கும்போது பிசின் பல்லோடு பிடிப்பதற்காகத் தடவுகிற பசையில். மூட்டு மாற்று அறுவையில் எலும்பு சிமெண்டாகப் போவது எம்.எம்.ஏ.வின் குடும்பம். அதனால் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நகம் போட்டு அலர்ஜி வாங்கிக்கொண்ட பெண், பல வருடம் கழித்துச் சொத்தைப் பல்லோடு போனால், வாயைத் திறப்பதற்கு முன்னால் பல் டாக்டரிடம் தன் நகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.